தரை இல்லாத வீடு

எங்கள் வீட்டில் தரை இல்லை. இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: அப்போ எதுமேல நிக்கிறே? சிமென்ட்மேல். பழைய விரிப்பைப் பிய்த்தெடுத்த பின் மிச்சமிருப்பது அதுதான். பசை ஒட்டிய இடங்கள் கருப்பு, சுரண்டிய இடங்கள் வெளுப்பு. சிராய்த்த முழங்கால் மாதிரி இருக்கிறது.

முன்பு இருந்தது பிளாஸ்டிக் விரிப்பு. பார்க்க மரம்போல இருக்கும். குளியலறைக் குழாய் எப்போதோ கசிந்து, தண்ணீர் அதன் அடியில் போயிருக்கிறது. மேலே பளபளப்பு, அடியில் பூஞ்சை. மகளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியபோது எங்களுக்கு அது தெரியாது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். கொடுத்தோம் என்றால் நானும் என் மனைவியும். பிறகு நான் மட்டும் கொடுத்தேன். மனைவி ஒரு நாள் தலைவலி என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதற்கும் தரைக்கும் சம்பந்தமில்லை.

குழந்தை மருத்துவர்தான் சொன்னார். "மொதல்ல அந்த விரிப்ப எடுங்க. மருந்தெல்லாம் அப்புறம்."

அன்று சாயங்காலமே ஒரு மூலையைக் கத்தியால் தூக்கினேன். அடுத்த நாள் முழு வீட்டையும் உரித்துவிட்டேன். தூசியில் பிள்ளை இருக்கக் கூடாது என்று மனைவியின் அக்கா வந்து அவளைக் கூட்டிப்போனாள். "வேலை முடியற வரைக்கும்" என்றாள்.

வேலை முடியவில்லை.

மகளுக்கு ஐந்து வயது. அவளைச் சுண்டு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது அவள் அம்மாவின் சுண்டுவிரலைத்தான் முதலில் பிடித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

எந்தத் தரை போடுவது என்று தேட ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் கூடாது, வாசனை விடும் பசை கூடாது, காட்டை அழித்துக் கொண்டுவந்த மரம் கூடாது. இந்த மூன்றையும் சொன்னால் கடைக்காரர்கள் முகம் மலர்ந்தது. எல்லாப் பெட்டியிலும் ஒரு பச்சை இலை அச்சடித்திருந்தது.

"சார், இது நூறு சதவீதம் இயற்கை."

"ஒட்டுறதுக்கு என்ன பசை?"

"நல்ல பசை சார்."

"அதுவும் இயற்கையா?"

"கம்பெனிக்காரங்க இயற்கைன்னுதான் சொல்றாங்க. நான் என்ன நக்கியா பாத்தேன்?"

அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. மற்றவர்கள் அந்த அளவுகூட ஒப்புக்கொள்ளவில்லை.

மூங்கில் சீக்கிரம் வளரும், ஆனால் கீற்று கீற்றாகக் கிழித்துப் பசையில் அழுத்தியிருக்கிறார்கள். கார்க்குக்கு மரத்தை வெட்ட வேண்டாம், பட்டையை உரித்தால் போதும், ஆனால் கப்பலேறி வர வேண்டும். லினோலியம் ஆளி விதை எண்ணெயும் மரத்தூளும்தான், ஆனால் எண்ணெய் வாசம் போக மாதங்கள் ஆகும். சுட்ட மண் ஓடு நம்பகமானது, ஆனால் சூளை தின்ற விறகுக்கு யார் பதில் சொல்வது? எதை எடுத்தாலும் ஓர் 'ஆனால்' வந்தது. வந்ததும் அடுத்த கடைக்குக் கிளம்பினேன். காலில் சக்கரம் கட்டியவன் மாதிரி சுற்றினேன். கிடங்கில் வேலை முடிந்தால் கடை, கடை மூடினால் மறுபடி கிடங்கு. அங்கே காவலருக்கு ஒரு கட்டில் உண்டு. அவர் விழித்திருப்பார், நான் அதில் படுப்பேன். வீட்டுக்குக் குளிக்கவும் சட்டை மாற்றவும் மட்டும் போனேன்.

நான் தானியக் கிடங்கில் தரம் பார்ப்பவன். மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, ஈரம் பார்த்து, உள்ளே விடலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். அதனால் தரைக்கும் அதையே செய்தேன். கடைகளில் தரும் மாதிரித் துண்டுகளை ஒவ்வொரு கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடி, ஒரு பகல் வெயிலில் வைத்தேன். மறுநாள் திறந்து முகர்ந்தேன். பாதி ஜாடிகள் மூக்கில் குத்தின. பச்சை இலைக்காரர்கள் அநேகமாக எல்லோரும் தோற்றார்கள்.

ஜாடிகள் என் மனைவியுடையவை. அதைப் பற்றி வேறு ஒன்றுமில்லை.

தேறிய ஜாடிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனேன். சுண்டு வாசலுக்கே ஓடி வந்து பையைத்தான் பார்த்தாள்.

"திங்கறதா?"

"மோந்து பாக்கறது."

அவளை மேசைமேல் உட்காரவைத்து ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். அக்காவும் அவள் கணவரான என் சகலையும் சுற்றி நின்றார்கள்.

கார்க்கை முகர்ந்து, "புது ஷூ" என்றாள். மண் ஓட்டை முகர்ந்து, "நனைஞ்ச சுவர்" என்றாள். லினோலியத்தில் கொஞ்சம் யோசித்தாள்.

"பெரியப்பா தலை."

சகலை தன் தலையைத் தடவி விரலை முகர்ந்துகொண்டார். "பிள்ளை பொய் சொல்லல."

"வாசம் பாத்து வாங்க இதென்ன சோப்பா?" என்றாள் அக்கா. "டைல்ஸ் போட்டுட்டுப் போவீங்களா, அதை விட்டுட்டு."

கடைசி ஜாடியில் ஒரு பழைய மரத்துண்டு. இடித்த துணி ஆலை ஒன்றிலிருந்து கழற்றிய பலகையில் அறுத்தது. எந்தக் காலத்திலோ வெட்டிய மரம். இதற்காக இன்னொன்றை வெட்ட வேண்டாம். ஒன்றோடொன்று கோத்துப் போடலாம், பசை வேண்டாம். சுண்டு ஜாடிக்குள் மூக்கை விட்டு ரொம்ப நேரம் இருந்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல."

"அப்போ?"

"இதுதான் வேணும்."

அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்திப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"தம்பி, நீங்க தேடுறதத் தேடுங்க. ஆனா ஒண்ணு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள தரை முடிஞ்சா பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. முடியலேன்னா இங்கேயே சேத்துடறேன். ஒரு வருஷம் போகட்டும். பாதியில பிள்ளையத் தூக்கிட்டு அலைய வேண்டாம்."

"முடிஞ்சிடும்."

"இதைத்தான் மொதல்லேர்ந்து சொல்றீங்க."

அவளுக்குக் குழந்தை இல்லை. யாரும் அதைப் பேசுவதில்லை. இப்போதெல்லாம் சுண்டு அவசரத்தில் கூப்பிடும்போது 'பெரியம்மா'வில் முன்பாதியை விழுங்கிவிடுகிறாள். அக்கா அதைத் திருத்துவதில்லை. நானும் திருத்தவில்லை. ஒரு வருஷம் என்பது ஒரு வருஷத்தோடு நிற்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் இடம் கேட்டு வைத்தேன். பலகைக்குச் சொன்னேன்.

பலகைகளோடு வந்த தச்சரை எல்லோரும் ஆணி என்று கூப்பிடுகிறார்கள். ஆள் நல்ல பருமன். மாடியேறும்போதே படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "பேரு வைக்கும்போது ஒல்லியா இருந்தேன் சார். பேர மாத்த முடியுமா?"

பலகைகளை நடு அறையில் அடுக்கினோம். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் மெல்லிய குச்சிகள், காற்றுப் போக.

"வந்ததும் போடக் கூடாது. கொஞ்ச நாள் சும்மா கெடக்கணும். ரூமோட பழகணும். புதுப் பொண்டாட்டி மாதிரி சார், வந்த அன்னைக்கே வேலை வாங்கினா முறுக்கிக்கும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல."

"வாய் எனக்கு. என் பொண்டாட்டியே பூட்டு வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கா."

அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. தானியமும் அப்படித்தான். இருக்கும் இடத்தின் ஈரத்தை வாங்கும், விடும், ஓர் இடத்தில் நிலைக்கும். நிலைக்குமுன் பலகையைப் போட்டால் பிறகு சுருங்கி இடுக்கு விடும், அல்லது உப்பி வளையும். கிடங்கில் மூட்டைகளுக்கு அடியில் போடும் கட்டைகளின் ஈரத்தைச் சோதிக்க ஊசி மீட்டர் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கி வந்தேன். தினமும் சாயங்காலம் வந்து பலகையில் ஊசியைக் குத்தினேன். ஒளிரும் எண்ணைப் பார்த்தேன். கிளம்பினேன்.

எண் இறங்கவில்லை. ஒரு நாள் கொஞ்சம் இறங்கும், மறுநாள் ஏறியிருக்கும். மழை பெய்த அன்று இரட்டிப்பாக ஏறியது. மேல் பலகை, நடுப் பலகை, அடிப் பலகை, எல்லாவற்றையும் குத்தினேன். பலகையெங்கும் கொசு கடித்த மாதிரி புள்ளிகள். பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லை.

ஆணி வந்தார். மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு அவசரம்னு தெரியும். இப்பவே ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை முடிச்சுக் குடுத்துடறேன். கொஞ்சம் ஈரம்தான். போகப் போக இடுக்கு விட்டா மெழுகு வச்சு அடைச்சுக்கலாம். யார் குனிஞ்சு பாக்கப்போறா?"

"என் பொண்ணு. அவ தரையிலதான் இருப்பா."

"பாத்தா என்ன, பாக்கட்டும்."

"இடுக்குல தூசி சேரும். அவளுக்கு மூச்சு இரைக்கும்."

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்போ நீங்கதான் சொல்லணும். போடவா, போகவா?"

போட்டால் சுண்டு வருவாள். வந்து, இன்னொரு தரையால் மூச்சு முட்டுவாள். போடாவிட்டால் வரமாட்டாள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்து சமையலறைக்குப் போனேன். பாத்திரம் துடைக்கும் துணி கொக்கியில் பலகையாக விறைத்திருந்தது. அடுப்பின் பர்னரில் சிலந்தி வலை. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. திரும்பி நடு அறைக்கு வந்தேன். ஜன்னல் கட்டை ஈரமாக இருந்தது. எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. பூஞ்சை வாசம் போகட்டும் என்று விரிப்பைப் பிய்த்த அன்று நான்தான் திறந்தேன். அதற்கப்புறம் சாத்தவேயில்லை. சாத்துவதற்கு நான் இங்கே இருந்ததில்லை.

மழை நாளில் ஜன்னல் திறக்காதே. கிடங்குச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. எழுதியவன் நான்.

பலகைகள் வீட்டோடு பழகவில்லை. தெருவோடு பழகியிருந்தன.

ஆணியிடம் சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் ஈரம் பாக்கறீங்க, உங்க வீட்டுக்கு நீங்களே மழைய விருந்துக்குக் கூப்பிட்டு வச்சிருக்கீங்க."

ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தேன். கடைசி ஜன்னலை அவர் சாத்தினார்.

"சாத்தினா மட்டும் பத்தாது சார். பூட்டிக் கெடந்தா பூட்டின வீட்டு ஈரம்தான் பிடிக்கும். சமைக்கணும், குளிக்கணும், ஃபேன் ஓடணும். இருக்கப்போறவங்க இருந்தாதான் அதுக்குத் தெரியும், இவ்வளவுதான் இந்த வீடுன்னு. எண் நின்னதும் கூப்பிடுங்க."

அவர் போனபின் இருந்து பார்த்தேன். அடுப்பைத் துடைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்தேன். ஃபேன் போட்டேன். பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தேன். எழுந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினேன். இருப்புக் கொள்ளவில்லை. கையில் எப்போது பூட்டு வந்தது என்று தெரியவில்லை, தெருவில் நடந்துகொண்டிருந்தேன். மறுநாளும் அப்படித்தான். எண் ஒரு நூல் இறங்கியது. ஒரு நூல்தான்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். முடியவில்லை என்று சொல்லத்தான் போனேன்.

கதவுக்குப் பின்னால் கொக்கியில் சின்னச் சீருடை ஒன்று இஸ்திரி போட்டுத் தொங்கியது. நான் அதைப் பார்த்ததை அக்கா பார்த்தாள்.

"சும்மா வாங்கி வச்சேன். தேவைன்னா இருக்கட்டும்னு."

"தரை முடியல அக்கா."

"தெரியும்."

"பலகை காயல. ஜன்னல் தொறந்து கெடந்துச்சு."

"தம்பி, எனக்குப் பலகையப் பத்தித் தெரியாது. எப்ப முடியும்?"

"தெரியல."

"அப்ப பேசி என்ன இருக்கு? திங்கக்கிழமை நான் சேத்துடறேன். நீங்க சனி ஞாயிறு வந்து பாத்துட்டுப் போங்க." அவள் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது. வெற்றி பெற்றவள் குரல் இல்லை. பயந்தவள் குரல்.

சுண்டு தரையில் குப்புறப் படுத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்காதவள் மாதிரி ஒரே இடத்தில் நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். தாள் கிழியும் அளவுக்கு.

சகலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பேச்சிலும் சேரமாட்டார், சேர்ந்தால் தட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

"அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"விரிப்ப எடுக்கச் சொன்னாங்க" என்றேன்.

"எடுத்துட்டீங்க."

"ஆமா."

"போடச் சொன்னாங்களா?"

நான் கொக்கியில் தொங்கிய சீருடையைப் பார்த்தேன்.

"இல்ல, எடுக்கச் சொன்னாங்க, நீங்க எடுத்துட்டீங்க. பூஞ்சை போச்சு, குழாய் சரி பண்ணியாச்சு. இப்ப பிள்ளை அங்க இருக்கறதுக்கு என்ன தடைன்னு எனக்குப் புரியல. சிமென்ட்ல நடந்தா கால் தேஞ்சா போகும்?" தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"உங்கள யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

"யாரும் கேக்கல. சும்மா சொன்னேன்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டோடு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. மீண்டும் குனிந்து சாப்பிட்டார்.

அந்தத் தடை என்னவென்று எனக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் அது மூங்கிலாக இருந்தது, கார்க்காக இருந்தது, பசையாக இருந்தது, எண்ணாக இருந்தது.

"இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"தரை இல்லாத வீட்டுக்கா?"

"அவ இருந்தாதான் தரை காயும்."

"நல்லா இருக்கே நியாயம். பிள்ளைய வச்சுப் பலகை காயப்போடப் போறீங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் கால் மாற்றி மாற்றி நின்றேன். சுண்டு என்னையும் உள்ளறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, தரை இல்லேன்னா கீழ் வீட்டுக்காரங்க தலைமேல விழுவோமா?"

"மாட்டோம்."

"அப்போ வரேன்."

அக்கா பையோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஆவி பிடிக்கும் இயந்திரத்தை என் கையில் கொடுத்தாள், மாஸ்க்கை எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னாள்.

"இன்னிக்கு இரைப்பு வந்துச்சுன்னா காலையில நான் வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரி."

"வரலேன்னாலும் வருவேன். பாக்க."

"வாங்க அக்கா."

சீருடை கொக்கியிலேயே இருந்தது. அது அக்கா வீட்டுப் பக்கத்துப் பள்ளியின் சீருடை.

வீட்டுக்கு வந்ததும் சுண்டு செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமென்ட்டில் நடந்து பார்த்தாள். கருப்பு இடத்தில் ஒரு கால், வெளுப்பு இடத்தில் ஒரு கால். மேடு பள்ளத்துக்கெல்லாம் பெயர் வைத்தாள். நான் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்துவிட்டு, துடைத்த ஈரம் பலகைக்குப் போகுமே என்று ஃபேனைக் கூட்டிவைத்தேன். சமைத்தேன். உப்பு கூடிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் நிறையக் குடித்தாள். மீட்டரைக் காட்டினேன், ஊசியை எங்கே குத்துவது என்று சொன்னேன். ஏன் ஜன்னலும் கதவும் சாத்தியிருக்க வேண்டும் என்று கேட்டாள். வெளி ஈரம் உள்ளே வந்தால் பலகை கெட்டுவிடும் என்றேன். மிகுந்த அக்கறையோடு தலையாட்டினாள்.

அவள் தூங்கினாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். எழுந்து போகவில்லை என்பதைக் காலையில்தான் கவனித்தேன்.

அக்கா விடிந்தும் விடியாமலும் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தூங்கும் பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கிடங்கில் நான் தானியத்தை முகர்வது போலிருந்தது, தவறிவிடக் கூடாது என்று அத்தனை கவனம்.

நிமிர்ந்தாள்.

"இல்ல" என்றாள். "சுத்தமா இல்ல."

பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், சுவரிலிருந்து சுவர் வரை அந்த அசிங்கமான சிமென்ட்டை.

"நானும் இன்னிக்கு இருந்தா சீக்கிரம் காயுமா?"

"காயும்" என்றேன்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "உப்பு எங்க இருக்கு? பாத்துப் போடணும்."

"யாரு சொன்னா?"

"பிள்ளை தூக்கத்துல தண்ணி கேக்குது."

சாயங்காலம் சுண்டு மீட்டரைக் குத்தி எண்ணைப் படித்தாள். அவளுக்கு அந்த அளவு எண் தெரியாது, இரண்டு இலக்கத்தையும் தனித்தனியாகக் கத்தினாள். இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும். ஆணியைக் கூப்பிட இன்னும் நாள் ஆகும். காலையில் அவளைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுவிட வேண்டும், இன்னும் பை வாங்கவில்லை, அக்காவைப் பேருந்து ஏற்ற வேண்டும். நான் பூட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. தெருவில் தூறல்.

"அப்பா, எங்க போறே?"

"எங்கயும் இல்ல."

"அப்போ கதவைச் சாத்து. பலகை கெட்டுடும்."

உள்ளே வந்து சாத்தினேன்.